இடது பீட்டர்

இடது கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். டிரம்சைச் சுற்றி நிறுத்தியிருக்கும் இந்தக் கண்ணாடித் தடுப்பு சத்தத்தைத்தான் பிடித்து வைக்கும், ஆளை மறைக்காது. தொட்டிக்குள் இருக்கிற மீன் கொட்டாவி விட்டால் வெளியே நூற்றைம்பது பேர் பார்ப்பார்கள். அதனால் நேராகப் பார்த்துக்கொண்டு, முகத்தைப் பிரசங்கம் கேட்கிற முகமாக வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் மட்டும் கீழே இறங்கிப் போகிறேன். தொடை இருக்கிறது. முழங்கால் இருக்கிறது. கெண்டைக்கால் கொஞ்சம் தள்ளி, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, இருக்கிறது. அதற்குக் கீழே கணுக்கால், அங்கே தகடு, தகட்டைப் பிடித்திருக்கும் ஆறு திருகு, அதற்கும் கீழே ஒன்றும் இல்லை, மத்தியானத்து உப்பளம் மாதிரி ஒரே வெள்ளை. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப் போயிருக்கிறதா, இல்லை விபத்துக்கு அப்புறம் வந்த அதுதானா. பாஸ்டர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நிற்கிறாராம், ஒரு ரயில் போயிற்றாம், கேட் திறக்கவில்லையாம், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வருகிறதாம். பிரசங்கம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. திடீரென்று கையை உயர்த்துவார், அந்த மூச்சிலேயே பாட்டு தொடங்க வேண்டும். அதனால் எங்கள் சபையில் பாடுகிறவர்கள் எல்லாரும் பிரசங்கத்துக்கு இறங்கிப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொள்வார்கள், கீபோர்டு வாசிக்கிற பிளசனும் நானும் மட்டும் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஐம்பது நிமிஷம், சில வாரம் எழுபது. இரண்டு பாதமும் வெறுங்காலாக இரண்டு பெடல் மேல். அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது. கொஞ்சம் அழுந்தினாலும் பீட்டர் எழும்பிப் போய்த் தோலைத் தொட்டுவிடும், தும் என்று விழும், பொறுமை நடுவிலேயே முறிந்துபோகும். பீட்டர் என்றால் பெடலை மிதித்தால் பெரிய டிரம்மை அடிக்கிற குச்சி, இரும்புக் காம்பு, நுனியில் கம்பளித் தலை. எனக்கு இரண்டு பீட்டர். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே டிரம்மை மாறி மாறி அடிக்கும். இடது பெடலிலிருந்து ஒரு தண்டு தரையோடு குறுக்கே ஓடி வந்து இடது பீட்டரைத் திருப்பும். அந்தத் தண்டு எப்போதும் ஒரு தூசியளவு தாமதிக்கும், அதனால் இடது கால் ஒரு தூசியளவு முந்தணும். முந்தணும் என்று காலிடம் சொல்ல முடியாது. காலுக்குத் தானாகத் தெரியணும்.

ஒரே ஒரு ஊரில் இரண்டு கால் இருந்ததாம். ம். கதைக்கு ம் கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதை நகராது, அதனால் நானே கொட்டிக்கொள்கிறேன். மூத்தவன் வலது, இளையவன் இடது. ம். எந்தப் பாட்டு வந்தாலும் மூத்தவன்தான் தும் தும் என்று நடந்து போவான், இளையவன் பக்கத்தில் நிற்கிற வெண்கல ஜோடித் தட்டை மூடித் திறந்துகொண்டு வாசல்காரன் மாதிரி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் இளையவன் கேட்டானாம், அண்ணே, நானும் வரட்டுமா என்று. வா, ஆனால் நான் வைக்கிற இரண்டு அடிக்கு நட்டநடுவில் நீ வைக்கணும், எது என் அடி எது உன் அடி என்று கேட்கிறவனுக்குத் தெரியக் கூடாது, சரியா என்றானாம். சரி என்று சொல்ல இளையவனுக்கு நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் எனக்கு ஒரே நாள் மாதிரி இருக்கிறது, நீளமான, வேர்வை பிசுபிசுக்கிற ஒரே சாயங்காலம், நாலாக மடித்த துண்டின்மேல் இரண்டு பாதம், வலது இடது வலது இடது, காதில் கிளிக் கிளிக் என்று தாளம் எண்ணுகிற கருவி, கீழ்வீட்டு அண்ணாச்சி மாடியேறி வந்து தம்பி மேல என்ன மாவு மில்லு வச்சிருக்கீங்களா என்று கேட்டது, கப்பல் ஆபீசில் மேசைக்குக் கீழே கால் ஓடிக்கொண்டே இருக்க மேலே கை மட்டும் சரக்குப் பெட்டி எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தது. மெதுவாக அடிக்கும்போது தொடையே எழும்பி விழும். வேகம் கூடினால் தொடை ஒத்துக்கொள்ளாது. குதிங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கணுக்கால் மட்டும் துடிக்கணும், காய்ச்சல்காரனுக்குப் பல் அடித்துக்கொள்கிற மாதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, நிமிஷத்துக்கு நூற்றைம்பது தட்டிலிருந்து நூற்றெழுபது வரைக்கும். அங்கே தொடையும் கைவிட்டுவிடும், கணுக்காலும் இன்னும் பொறுப்பெடுத்திருக்காது. லாரியில் கியர் மாற்றும்போது ஒரு நொடி வண்டி யாருடையதாகவும் இல்லாமல் உருளுமே, அந்த இடம். பிளசன் எழுதின புதுப் பாட்டின் வேகம் நூற்றறுபது. கடைசி எட்டு சுற்றும் இரண்டு காலும் ஓடணும். வேண்டுமென்றா எழுதினான், அவனுக்கு அப்படித் தோன்றியது, எழுதினான். எழுதும்போது என் கால் நன்றாக இருந்தது. அதற்கப்புறம்தான் துறைமுக ரோட்டில் உப்பு லாரி ஒழுகிக்கொண்டு போன ஈரத்தில் வண்டி சறுக்கி, வண்டிக்குக் கீழே இடது கால், அந்த ஈரம் உதட்டில் பட்டபோது உப்புக் கரித்தது, அழுகிறோமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். தையல் பிரித்த அன்று டாக்டர் சின்ன விரலையும் அதற்கு அடுத்த விரலையும் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்றார். தெரியுது என்றேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஊசி பட்டதைப் பார்த்தேன், அதனால் தெரிந்தது.

இரண்டாவது ரயிலும் போய்விட்டது. கேட் இன்னும் திறக்கவில்லை. பாஸ்டருக்குப் பின்னால் ஒரு பால்காரர் மணி அடிக்கிறாராம். சபை சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன், சிரித்த சாக்கில் இடது கால் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன், மடங்கினதா என்று தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன் பயிற்சியில் அந்த எட்டு சுற்றில் இடது அடி எல்லாம் அமுங்கிப் போயிற்று. தும்-க் தும்-க் என்று நொண்டி நடக்கிற மாதிரி கேட்டது. பிளசன் கீபோர்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "என்ன மக்கா, எங்க போச்சு ஒன் லெஃப்டு?" என்றான். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். வாய் தானாக, "பீட்டர் லூசா இருக்குடே, தலை ஆடுது" என்றது. பாவம், நம்பினான். அவனுக்கு என் மேல் எப்போதும் நம்பிக்கை. அன்று ராத்திரியே எங்கள் இசைக்குழு குரூப்பில் போடுவதாக நினைத்துக்கொண்டு ஒரு செய்தி போட்டான். பீட்டர் ரொம்ப வீக், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்குமான்னு தெரியல, வேற பாக்கணும். அது போய் விழுந்தது உபவாச ஜெபக் குழுவில். இரண்டு குரூப்புக்கும் ஒரே புறா படம். அவன் பல் தேய்த்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் இருபத்தாறு ஆமென் வந்துவிட்டது. தாங்குவானா என்று எழுதியிருந்தால் கூட யார் அந்த பீட்டர் என்று யாராவது கேட்டிருப்பார்கள். தாங்குமா என்று எழுதியிருந்ததால் உடம்பைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். வேற பாக்கணும் என்றால் வேற ஆஸ்பத்திரி. உபவாசக் கூட்டத்தை நடத்துகிற தெபோராள் அக்கா, தம்பி கவலப்படாத, இந்த வெள்ளிலேர்ந்து பீட்டருக்காக உபவாசம் இருக்கேன் என்று குரலிலேயே பதில் அனுப்பிவிட்டார், அந்தக் குரலில் அதற்குள் தழுதழுப்பு. "இனி எப்படில சொல்லுவேன், பீட்டர்னா குச்சின்னு?" என்று பிளசன் எனக்கு ஃபோன் பண்ணினான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்து ஃபோனை வைத்தபிறகு எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று மிச்சம் இருந்தது. அந்தக் குச்சிக்கும் ஒன்றும் இல்லையே. இல்லாத ஆளுக்கு இல்லாத நோய். பிளசன் அதோடு விடவில்லை, மதுரைக்குப் போன இடத்தில் புது பீட்டர் வாங்கி வந்து நேற்றுத் தானே மாட்டிவிட்டான், "இனிமே ஒனக்கு சாக்கு இல்லல" என்று முதுகில் தட்டினான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

முன் வரிசையில், பெண்கள் பக்கத்தில், வெள்ளைத் துப்பட்டா போட்டுக்கொண்டு கெசியா உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்டரின் தம்பி மகள், சென்னையில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள். மற்ற எல்லாரும் பாஸ்டரைப் பார்க்கிறார்கள், அவள் மட்டும் என் முழங்காலைப் பார்க்கிறாள். அவளும் டிரம்ஸ் வாசிக்கிறவள், நாங்கள் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்க மாட்டோம். புதன்கிழமை பயிற்சிக்கு வந்திருந்தாள், நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, "அண்ணே, ஒரு நிமிஷம் உக்காரட்டா?" என்று கேட்டு உட்கார்ந்து, அந்த எட்டு சுற்றையும் அடித்துக் காட்டினாள், சும்மா, பேச்சு பேசிக்கொண்டே, காலைப் பார்க்காமலே. மழை தகரத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது, தூக்கம் மாதிரி ஒன்று வந்தது, இந்த மழையைக் கேட்டுக்கொண்டே படுத்துக்கொள்ளலாம் என்று. பாஸ்டர் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாபேஸ் தம்பி, ரெண்டு கால் பாட்டு, ரெண்டு காலும் வந்தாத்தான் பாட்டு. இந்த ஞாயிறு பாப்போம். சரிவரலன்னா கெசியா உக்காரட்டும். மனசுல வச்சிக்கிடாதீங்க" என்றார். மனசில் வைக்காமல் எங்கே வைக்க. இந்த வட்ட ஸ்டூல் ஒன்றில்தான் நான் சத்தமானவன். வெளியே பஸ்சில் இறங்கணும் என்று கண்டக்டரிடம் சொன்னால்கூட அவருக்குக் கேட்காது, இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் இறங்குவேன். ஆபீசில் என்னைப் பற்றிப் பேசும்போது நான் அங்கேயே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே மட்டும் நான் கால் வைத்தால் சுவர் அதிரும், பாயில் உட்கார்ந்திருக்கிற கைக்குழந்தை திரும்பிப் பார்க்கும். அந்தக் கால். அது இப்போது எங்கே. மின்விசிறி சுற்றுகிறது, தகரக் கூரையில் வெயில் டக் டக் என்று விரிகிறது, பாஸ்டர் குரல் தூரத்தில் ஒரு படகு மாதிரி, பெடல் தகட்டின் சில்லிப்பு வலது பாதத்துக்கு மட்டும் தெரிகிறது. இடது பாதம் கடலுக்குள் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் தன்னுடையதாக இல்லாமல் லேசாக எழும்புமே, மணல் உள்ளங்காலிலிருந்து நழுவுமே, அப்படி எழும்பிப் போகிறது, யாரோ ஒருவன் அதன் மேல் போர்வை போர்த்துகிறான், அவன்தான் பீட்டர், மெலிந்த ஆள், இரும்புக் கழுத்து, கம்பளித் தலை, கட்டிலில் படுத்துக்கொண்டு, தம்பி நான் நல்லாத்தானே இருக்கேன், ஏன் எல்லாரும் எனக்காக அழுதாங்க என்று கேட்கிறான், பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை.

"சகோதரன் பீட்டர்" என்று கேட்டு விழிக்கிறேன். கனவில் இல்லை, மைக்கில். கேட் திறந்து பிரசங்கம் முடிந்திருக்கிறது. கை உயரவில்லை, பாட்டுக்கு முன் ஒரு விண்ணப்பம் என்கிறார் பாஸ்டர். "மூணு வாரமா நம்ம சகோதரிகள் உபவாசிக்கிறாங்க. பிளசன் தம்பி கொண்டு வந்த விண்ணப்பம். தம்பி, பீட்டர் இப்ப எப்படி இருக்காரு?" பிளசன் கீபோர்டுக்குப் பின்னால் எழுந்து நிற்கிறான், காது சிவந்திருக்கிறது. "பரவால்லாம இருக்கு பாஸ்டர்" என்கிறான். "இருக்கா?" "இருக்காரு பாஸ்டர்." "சாப்பிடுதாரா?" பிளசன் என்னைப் பார்க்கிறான், நான் எனக்கு முன்னால் இருக்கிற சின்ன டிரம்மைப் பார்க்கிறேன். "அது... அவரு... கம்மியாத்தான்." தெபோராள் அக்கா பாயிலிருந்து எழுந்து முழங்காலில் நிற்கிறார், கைகளை விரிக்கிறார், எல்லாரும் முழங்காலில் இறங்குகிறார்கள், நூற்றைம்பது பேர் இறங்குகிற சரசரப்பு, நான் மட்டும் இறங்க முடியாமல் கண்ணாடிக் கூண்டுக்குள். அக்கா ஜெபிக்கிறார். அந்தத் தம்பி படுத்திருக்கிற படுக்கையைத் தொடும் ஆண்டவரே என்கிறார். அவன் பெண்டாட்டி முகத்தைப் பாரும் என்கிறார், பீட்டருக்குப் பெண்டாட்டி வந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், மூத்தது பள்ளிக்கூடம் போகிறது. சிரிப்பு வரவேண்டிய இடம். பிளசனின் தோள் குலுங்குகிறது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் அக்கா அழுகிறார். கண்ணீர் நிஜமாக ஓடி முகவாயில் நின்று வெள்ளைச் சேலையில் விழுகிறது. மூன்று வெள்ளிக்கிழமை. மீன் ஏலக்கூடத்தில் விடிகாலையிலிருந்து நின்று வேலை பார்க்கிறவர், வெறும் தண்ணீரோடு மூன்று வெள்ளி. நான் ஒரு வார்த்தை சொல்லாததற்கு. இப்போது எழுந்து போய்ச் சொல்லணும், எழுகிறேன், இடது கால் தரையை ஊன்றவில்லை, தொடை மட்டும் எழும்பி மறுபடி உட்கார்ந்துவிடுகிறது. சொல்லுகேன் என்று வாய் அசைகிறது, கண்ணாடியில் என் மூச்சு மட்டும் படிகிறது. வேறு வழி தெரியவில்லை. வலது பெடலை மிதித்தேன். தும்.

ஜெபம் நின்றது. நூற்றைம்பது தலை திரும்பியது. "பீட்டர்னு ஆள் யாரும் இல்ல பாஸ்டர்" என்றேன். "என்ன தம்பி, கேக்கல" என்றார் பாஸ்டர். தட்டுகளுக்கு மேலே தொங்குகிற மைக் என் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது, அதைப் பிடித்து வாய்ப் பக்கம் இழுத்தேன், சவுண்டு பார்க்கிறவர் டிரம்முக்கென்று வைத்திருந்த எதிரொலியோடு என் குரல் நாலு ஸ்பீக்கரிலும் வந்தது, எனக்கே யாரோ மாதிரி இருந்தது. "பீட்டர்னா இந்தக் குச்சி, இந்தக் குச்சி, குச்சி. பிளசன் குரூப் மாத்திப் போட்டுட்டான். குச்சிக்கும் ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். என் கால்தான். ரெண்டு விரல்ல ஆறு மாசமா உணர்ச்சி இல்ல. பாட்டுல எடது கால் வராது, வராது, வராது." எதிரொலி ஓய்ந்தது. தெபோராள் அக்கா முழங்காலிலிருந்து மெதுவாக எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏல, ஒரு குச்சிக்காகவா மூணு வெள்ளி பட்டினி கெடந்தேன்?" என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது பாயிலிருந்து பாய்க்குப் பரவியது, பாஸ்டர் பிரசங்க மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கூண்டுக் கண்ணாடியில் இரண்டு விரலால் தட்டினார். "ஒன் காலுன்னு சொல்லியிருந்தா நாலு வெள்ளி கெடந்திருப்பேம்லா, கோட்டிக்காரா" என்றார். அப்போதுதான் எனக்கு அக்கா முகம் கலங்கித் தெரிந்தது. இனி ஸ்டூலிலிருந்து எழ வேண்டியதுதான், கையிலிருக்கிற குச்சிகளைக் கெசியாவிடம் கொடுத்துவிட்டுப் பாயில் போய் உட்காரணும், எழ முடியாவிட்டால் யாராவது தூக்கணும், அந்த அவமானத்தையும் இப்போதே பார்த்துவிடுவோம் என்று இருந்தது. கெசியா எழுந்து வந்துவிட்டாள். வருகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். கூண்டின் தடுப்பை விலக்கி, சேரை எனக்கு இடது பக்கம் போட்டாள். "நீங்க எந்திரிக்க வேண்டாம்ணே" என்றாள். "எடது பக்கத்த மட்டும் குடுங்க." எனக்குப் புரியவில்லை. அவள் குனிந்து, சாமான் நகர்த்துகிற மாதிரி, என் இடது பாதத்தை இரண்டு கையாலும் பெடலிலிருந்து தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் காலை வைத்தாள். பாஸ்டர் தொண்டையைச் செருமி, "சேரக் கொஞ்சம் தள்ளிப் போடும்மா" என்றார். அரை அடி தள்ளிப் போட்டாள். கை உயர்ந்தது.

பாட்டு தொடங்கிவிட்டது. பல்லவிக்கு என் வலது கால் மட்டும் போதும், அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள், பஸ்சுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. சரணம் போகிறது. கடைசி எட்டு சுற்று நெருங்குகிறது. என் காலோடு ஒத்திகை பார்க்காத கால், வேறொருத்தியின் எலும்பு, வேறொருத்தியின் ரத்தம், எப்படி நடுவில் விழும். "நூத்தறுபதுதானே?" என்று காதருகே கேட்கிறாள். தலையாட்டுகிறேன். நான் வைக்கிறேன். அவள் வைக்கிறாள். நான், அவள், நான், அவள். முதல் சுற்றில் மோதிக்கொள்கிறோம், ஒரே படியில் இரண்டு பேர் காலை வைத்த மாதிரி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு தூசியளவு முந்துகிறாள். இரண்டாவதில் விலகி நிற்கிறோம். மூன்றாவதில் எது யார் அடி என்று எனக்கே தெரியவில்லை, சுவர் அதிர்கிறது, பாய்களிலிருந்து எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், பிளசன் வாயைத் திறந்துகொண்டு வாசிக்கிறான். அந்த இடத்தில்தான் இருக்கிறேன், தொடையும் இல்லாத கணுக்காலும் இல்லாத இடத்தில், வண்டி யாருடையதாகவும் இல்லாமல் உருளுகிறது, உருளட்டும். கீழே என் இடது பாதம் வேலையில்லாமல் சிமெண்டுத் தரையில் கிடக்கிறது. தரை அதிர்கிறது. ரத்தம் இறங்குகிறது போல, பெருவிரலில் ஊசி குத்துகிறது, அடுத்ததில் குத்துகிறது, அதற்கடுத்ததிலும். டாக்டர் ஊசி வைத்த நாலாவது விரலுக்குக் காத்திருக்கிறேன். காத்திருக்க நேரமில்லை, என் அடி வந்துவிட்டது.